தேய்வா, வளர்ச்சியா? ஒட்டோ யெஸ்பர்சனின் வாழ்வும் ஆங்கில மொழிமாற்ற ஆய்வும்

ஆய்வுச்சுருக்கம்

டென்மார்க்கு நாட்டு மொழியறிஞர் ஒட்டோ யெஸ்பர்சன் (1860–1943) ஆங்கில வேற்றுமை வடிவங்களின் வரலாற்றை 1891இல் முனைவர்பட்ட ஆய்வேடாக வெளியிட்டார். மொழியின் வரலாறு தேய்வின் வரலாறே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒப்பியல் மொழிநூலார் கொண்டிருந்த முடிவை அந்த ஆய்வேடு மறுத்தது. அவ்வினாவே அவருடைய அடுத்த அரை நூற்றாண்டு உழைப்பையும் நடத்திச் சென்றது. இக்கட்டுரை அவருடைய வாழ்வைக் கால வரிசையில் கூறி, ஆய்வேட்டிலிருந்து அவருடைய பெரிய நூல்கள் கிளைத்த முறையை விளக்குகிறது. கணினிவழித் தரவக ஆய்வுகள் அவருடைய முடிவுகளை எவ்வாறு சோதித்துள்ளன என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மொழிமாற்றம், ஆங்கில வரலாற்று இலக்கணம், வேற்றுமை இழப்பு, எதிர்மறைச் சுழற்சி, தரவகம், கணினிமொழியியல்

1. முன்னுரை

ஆங்கில மொழியின் வரலாற்று மாற்றத்தைக் கணினியின் துணைகொண்டு ஆராயும் முனைவர்பட்ட ஆய்வுகள் இன்று பல பல்கலைக்கழகங்களில் நடைபெறுகின்றன. இவ்வாய்வுகள் பெரும்பாலும் மூன்று சிக்கல்களை எடுத்துக்கொள்கின்றன. பெயர்ச்சொல் தன் வேற்றுமை உருபுகளை இழந்தது ஏன் என்பது ஒன்று. எதிர்மறைச் சொல் வினைக்கு முன்னிருந்து பின்னுக்கு நகர்ந்தது எவ்வாறு என்பது மற்றொன்று. நெடில் உயிர்கள் அனைத்தும் ஒருசேர இடம்பெயர்ந்தது எந்த வரிசையில் என்பது மூன்றாவது. இம்மூன்று சிக்கல்களுக்கும் இன்று வழங்கும் வடிவத்தைப் பெரிதும் தந்தவர் யெஸ்பர்சன். அவர் கணினியை அறியாதவர். தாமே படித்துத் தாமே எழுதிச் சேர்த்த குறிப்புத்தாள்களே அவருடைய தரவகம்.

அவரைப் பெரும்பாலோர் ஓர் இலக்கண நூலாசிரியராகவே அறிவர். அவருடைய இலக்கணத்துக்குள் ஒரு வழக்குரை அடங்கியிருப்பதை அத்துணைப் பேர் கருதுவதில்லை. பழமையே செம்மை, பின்வந்ததெல்லாம் சிதைவு என்னும் கொள்கைக்கு எதிராக அவர் வாழ்நாள் முழுதும் சான்று திரட்டினார். அவ்வழக்குரை எங்குத் தோன்றியது, எவ்வாறு வலுப்பெற்றது, எங்குத் தடுமாறியது என்பதை அவருடைய வாழ்வினூடே காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. இளமையும் கல்வியும்

யெஸ்பர்சன் 1860 ஜூலை 16ஆம் நாள் யுட்லாந்துப் பகுதியின் ராண்டர்ஸ் நகரில் பிறந்தார். தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் மூவரும் சட்டத்துறையினர். தந்தை மாவட்ட நீதிபதியாக இருந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த யெஸ்பர்சன் ஹில்லெரோத் நகர்ப் பள்ளியில் பயின்றார். டென்மார்க்கு தந்த முன்னோடி மொழிநூலாரான ராஸ்முஸ் ராஸ்கின் இலக்கண நூல்களை அவ்விளமையிலேயே அவர் கற்கத் தொடங்கினார். இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளையும் நூல்களின் துணையால் தாமே பயின்றார்.

குடும்ப வழக்கத்தையொட்டி 1877இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சேர்ந்தார். நான்காண்டுகள் கழிந்தும் அப்படிப்பில் மனம் ஒன்றவில்லை. 1881இல் அதனைக் கைவிட்டு மொழிகளின்பால் திரும்பினார். உதவுவார் மிகுதியாக இல்லாத நிலையில், டென்மார்க்கு நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிப் பொருளீட்டினார். பகுதிநேர ஆசிரியப் பணியும் செய்தார். சுருக்கெழுத்தாளன் எழுத்துக்கூட்டலை விட்டு ஒலியைப் பின்தொடர வேண்டியவன். வாழும் பேச்சை மொழியின் முதன்மை வடிவாகக் கொண்ட பிற்கால ஆய்வாளருக்கு இப்பணி பொருந்திய பயிற்சியாகவே அமைந்தது எனலாம்.

1887இல் பிரெஞ்சை முதன்மைப் பாடமாகவும் ஆங்கிலத்தையும் இலத்தீனையும் துணைப் பாடங்களாகவும் கொண்டு முதுநிலைப் பட்டம் பெற்றார். அவருடைய ஆசிரியர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் வில்ஹெல்ம் தோம்சென். மற்றொருவர், செருமானிய மெய்யொலிகளின் மாற்றம் சொல்லழுத்தத்தைப் பொறுத்து வேறுபட்டதைக் கண்டறிந்து, தம் பெயராலேயே ஒரு விதி வழங்கப்பெற்ற கார்ல் வெர்னர். பிற்கால ஆங்கிலத்திலும் உரசொலிகள் அழுத்தமற்ற அசைக்குப் பின் ஒலிப்புடைமை பெற்றதை யெஸ்பர்சன் காட்டியபோது, ஆசிரியர் தொல்பழங்காலத்தில் கண்ட ஒழுங்கை மாணவர் அண்மைக் காலத்தில் மீண்டும் கண்டவரானார்.

பட்டம் பெறுமுன்பே அவர் இரு விவாதங்களில் இறங்கியிருந்தார். ஒன்று, ஒலிவிதிகளுக்கு விலக்கே இல்லை என்ற லைப்சிக் அறிஞர்களின் கொள்கை பற்றியது. ஒலிமாற்றம் பொருளைப் பொருட்படுத்தாத குருட்டு இயக்கம் அன்று, பொருள் வேறுபாட்டைக் காக்கும் தேவை அதன் போக்கைத் தடுக்கவும் திருப்பவும் கூடும் என்று அவர் வாதிட்டார். மற்றொன்று மொழி கற்பித்தல் பற்றியது. இலக்கண மனப்பாடத்தை விடுத்துப் பேச்சிலிருந்து தொடங்க வேண்டும் என்று 1886இல் ஸ்காண்டினேவியச் சீர்திருத்தக் குழுவினருடன் இணைந்து இயங்கினார். பல மொழிகளுக்கும் பொதுவான ஒலியெழுத்து முறை ஒன்று வேண்டும் என்ற கருத்தை அதே ஆண்டில் பிரான்சின் பால் பாஸிக்கு எழுதிய மடலில் முன்வைத்தார். பன்னாட்டு ஒலியெழுத்துமுறை 1888இல் வெளிவந்தது.

1887–88இல் இங்கிலாந்து, செருமனி, பிரான்சு ஆகிய நாடுகளுக்குச் சென்றார். இலண்டன், ஆக்சுபோர்டு, லைப்சிக், பெர்லின், பாரிசு நகரங்களின் அறிஞர்களைக் கண்டார். அவர்களுள் ஒலியியல் வல்லுநர் ஹென்றி ஸ்வீட்டும் ஒருவர். கோபன்ஹேகனில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஸ்டீஃபன்ஸ் ஓய்வுபெறும் காலம் நெருங்கியிருந்தது. அப்பதவியைக் கருதி ஆங்கிலத்தில் ஆய்வை ஊன்றுமாறு தோம்சென் அறிவுறுத்தினார். அதன் விளைவே 1891ஆம் ஆண்டு ஆய்வேடு.

3. முனைவர்பட்ட ஆய்வேடு

ஆய்வேட்டின் பொருள் ஆங்கில வேற்றுமைகள். ஆயினும் அதற்கு அவர் எழுதிய முன்னுரைப் பகுதி மொழியின் முன்னேற்றம் என்னும் பொதுக்கொள்கையை விரித்தது. 1893இல் ஸ்டீஃபன்ஸின் இடத்தில் பேராசிரியராக அமர்த்தப்பெற்ற யெஸ்பர்சன், அடுத்த ஆண்டு இவ்வாய்வேட்டை விரித்து, மொழியின் முன்னேற்றம் என்னும் பொருளுடைய தலைப்பில் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

அக்கொள்கையின் ஆழத்தை உணர, அது எதிர்த்த கொள்கையை முதலில் அறிதல் வேண்டும். அவுகுஸ்ட் ஷ்லைகர் (1821–1868) மொழிகளைத் தனிநிலை, ஒட்டுநிலை, உட்பிணைப்புநிலை என மூன்றாக வகுத்து, அவற்றை ஒரு வளர்ச்சி ஏணியின் படிகளாகவும் கொண்டார். சீனம் கீழ்ப்படி. திராவிட மொழிகளும் துருக்கியமும் போன்ற ஒட்டுநிலை மொழிகள் இடைப்படி. சமற்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவை உச்சிப்படி. இவ்வளர்ச்சி முழுதும் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்திலேயே முடிந்துவிட்டது என்றும், வரலாற்றுக் காலத்தில் காணப்படுவதெல்லாம் தேய்வே என்றும் அவர் கருதினார். கோத்திய மொழியில் ஐந்தசை கொண்ட 'ஹபைதெதீமா' என்னும் வினைவடிவம் ஆங்கிலத்தில் 'ஹேட்' என்னும் ஓரசையாகக் குறுகியதை ஷ்லைகர் இதற்குச் சான்றாக்கினார். ஆற்றுப்படுகையில் உருண்டு உறுப்பிழந்த சிலையாக அவ்வோரசைச் சொல் அவர் கண்ணுக்குப் பட்டது.

யெஸ்பர்சன் அதே சான்றை எடுத்து மறுதலையாகப் படித்தார். ஆங்கிலத்தின் அவ்வொரு சொல் கோத்தியத்தின் ஒரே ஒரு வடிவத்துக்கு மட்டும் ஈடாகவில்லை. இடம், எண், வினைப்பாங்கு ஆகியவற்றால் வேறுபட்ட 15 கோத்திய வடிவங்களின் பணியை அது தனித்து ஆற்றுகிறது. பேசுவோன் நினைவில் கொள்ள வேண்டியவை குறைந்தன, வாய்க்கு உழைப்பும் குறைந்தது, பொருளோ குறையவில்லை. எனவே மொழியை அளக்கும் கோல் வடிவத்தின் நீளமோ பழமையோ ஆகாது, பேசுவோர்க்கு அது தரும் பயனும் அதற்கு அவர் செலவிடும் உழைப்புமே அளவுகோல் என்று அவர் நிறுவ முயன்றார்.

இலத்தீனில் பெயரடையும் பெயரும் ஒரே வேற்றுமையை ஒவ்வொரு சொல்லிலும் தனித்தனியே ஏற்று நிற்கும். ஆங்கிலத்தில் தொடருக்கு ஒருமுறை உறவைக் காட்டினால் போதும். இலத்தீன் வடிவங்களைச் செல்வமாக எண்ணும் மரபில், ஒரே செய்தியைப் பலமுறை சொல்லும் சுமையாக யெஸ்பர்சன் அவற்றைக் கண்டார். பெயரடை வேற்றுமை ஏற்காத தமிழை அறிந்தவர்க்கு இவ்வாதம் எளிதில் விளங்கும்.

ஆய்வேட்டின் நிலைத்த மதிப்பு இப்பொதுக்கொள்கையைவிட அதன் நுண்ணிய பகுதிகளிலேயே உள்ளது. அவற்றுள் மூன்று இங்கு எடுத்துக்கொள்ளத்தக்கன.

முதலாவது, முன்னிலைப் பன்மை இடப்பெயர். பழைய ஆங்கிலத்தில் எழுவாய்க்கு ஒரு வடிவமும் செயப்படுபொருளுக்கு வேறு வடிவமும் இருந்தன. அவற்றின் வழிவந்த 'யீ', 'யூ' இரண்டும் பதினாறாம் நூற்றாண்டில் கலந்து, இறுதியில் 'யூ' ஒன்றே நின்றது. இதற்கு ஒரே காரணம் கூறி அமையாமல், யெஸ்பர்சன் பல காரணங்களைப் பிரித்துக் காட்டினார். அழுத்தமின்றி விரைந்து பேசும்போது இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தன. ஒருமை வடிவங்களான 'தீ', 'தௌ' ஆகியவற்றின் ஒலியொப்புமை நேர்மாறாக இழுத்தது. வினைக்குப் பின்வரும் இடம் செயப்படுபொருளுக்கு உரியது என்ற உணர்வு ஏவல் தொடர்களில் எழுவாயையும் தன்பால் ஈர்த்தது. ஒரு மாற்றத்துக்குப் பல காரணிகள் உண்டு, அவற்றைத் தனித்தனியே எடையிட வேண்டும் என்ற இவ்வணுகுமுறையே இன்றைய பன்மாறிப் புள்ளியியல் ஆய்வின் அடிப்படை.

இரண்டாவது, நான்காம் வேற்றுமையில் நின்ற அனுபவிப்போன் எழுவாயாக மாறியது. அரசனுக்குப் பேரிக்காய்கள் பிடித்தன என்ற அமைப்பு பழைய ஆங்கிலத்தில் இயல்பானது. தமிழில் அது இன்றும் இயல்பானதே. அங்கே அரசன் நான்காம் வேற்றுமையில் நிற்க, வினை பேரிக்காய்களோடு பன்மையில் இயைந்தது. பெயரின் வேற்றுமை ஈறு தேய்ந்தபோது அரசன் எழுவாயா என்பது வடிவத்தால் புலப்படாமற் போயிற்று. வினையின் பன்மை ஈறும் தேய்ந்தபோது எஞ்சிய சான்றும் மறைந்தது. அரசன் தொடரின் முதலில் நின்றமையால், பின்வந்த தலைமுறையினர் அவனையே எழுவாயாகக் கொண்டனர். ஒரு தொடரின் சொற்கள் இடம்பெயராமலே அதன் இலக்கணம் மட்டும் தலைகீழாக மாறக்கூடும் என்பதை இச்சான்று விளக்குகிறது. மறுபகுப்பாய்வு என்று பிற்காலத்தார் பெயரிட்ட நிகழ்வின் மிகத் தெளிந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இது இன்றும் பாடநூல்களில் வழங்குகிறது.

மூன்றாவது, ஆறாம் வேற்றுமை ஈறு. இங்கிலாந்து நாட்டு அரசனின் மகள் என்ற பொருளைக் கூறுங்கால், பழைய வழக்கில் உடைமை ஈறு அரசன் என்ற சொல்லோடு ஒட்டியது, நாட்டுப்பெயர் தனித்துப் பின்னே கிடந்தது. பின்னர் அவ்வீறு சொல்லை விட்டுத் தொடர் முழுமையின் இறுதிக்கு நகர்ந்தது. ஒட்டுகள் எல்லாம் முன்னொருகால் தனிச்சொற்களாக இருந்து குறுகியவையே என்பது அக்கால ஒப்பியலாரின் பொதுக்கருத்து. இங்கோ ஓர் ஈறு தன் கட்டிலிருந்து விடுபட்டுத் தனித்தன்மை பெற்றது. மாற்றத்துக்கு ஒரே திசைதான் உண்டா என்று இலக்கணமாக்கக் கோட்பாட்டினர் நடத்தும் விவாதத்தில் இச்சான்று இன்றும் இடம்பெறுகிறது.

4. எண்ணிக்கை ஒரு சான்றாக

1905இல் வெளிவந்த ஆங்கில மொழியின் வளர்ச்சியும் அமைப்பும் பற்றிய நூல் யெஸ்பர்சனைப் பொதுவாசகரிடமும் கொண்டுசேர்த்தது. பிரெஞ்சு நிறுவனத்தின் வோல்னே பரிசும் அதற்குக் கிடைத்தது. அந்நூலில் அவர் மேற்கொண்ட ஒரு சிறு கணக்கீடு கணக்கீட்டு வரலாற்று மொழியியலின் தொடக்க முயற்சிகளுள் வைத்து எண்ணத்தக்கது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றவுடன் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் வெள்ளமெனப் புகுந்தன என்பது பலரும் இயல்பாகக் கொள்ளும் எண்ணம். அப்போது வெளிவந்துகொண்டிருந்த ஆக்சுபோர்டுப் பேரகராதி ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் ஆட்சியின் ஆண்டைத் தந்தது. யெஸ்பர்சன் அதிலிருந்து பிரெஞ்சு வழிவந்த 1000 சொற்களைத் திரட்டி, அவற்றை ஐம்பதாண்டுக் கட்டங்களாகப் பகுத்தார். 1200க்கு முற்பட்ட பங்கு மிகச் சிறியதாக இருந்தது. 1251 முதல் 1400 வரையிலான 150 ஆண்டுகளில் மட்டும் 427 சொற்கள், அதாவது 42.7 விழுக்காடு, அமைந்தன.

அரசியல் வெற்றிக்கும் சொற்பெருக்குக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளி இருந்தது என்பது இதன் பொருள். ஆட்சியாளர் பிரெஞ்சையே பேசிக்கொண்டிருந்தவரை அவர்தம் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வரத் தேவையில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் ஆங்கிலத்துக்கு மாறியபோதே தாம் பழகிய சொற்களை உடன்கொணர்ந்தனர். கடன்சொல்லின் உச்சம் ஒரு மொழியின் ஆதிக்கத்தைக் காட்டிலும் அதன் பின்வாங்கலையே குறிக்கக்கூடும் என்ற இம்முடிவு, ஊகத்தால் எட்ட இயலாதது. எண்ணிப் பார்த்தமையால் கிடைத்தது. முதல் ஆட்சியாண்டு என்பது நூல்கள் எஞ்சிய அளவைப் பொறுத்தது, ஒரு சொல் பேச்சில் அதற்கு முன்பே வழங்கியிருக்கக்கூடும் என்ற வரம்பு இம்முறைக்கு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு முன் ஆங்கில நூல்கள் அருகியிருந்தமையை இங்கு மறத்தலாகாது. எனினும் பின்வந்தோர் விரித்துச் செய்த எண்ணிக்கைகளும் உச்சத்தை அக்காலப்பகுதியிலேயே கண்டன.

5. பேரிலக்கணமும் உயிரொலிப் பெருமாற்றமும்

வரலாற்று நெறியில் அமைந்த தற்கால ஆங்கில இலக்கணம் யெஸ்பர்சனின் தலையாய படைப்பு. ஏழு தொகுதிகளாக 1909 முதல் 1949 வரை, நாற்பது ஆண்டுகளில் அது வெளிவந்தது. முதல் நான்கும் ஹைடல்பர்க்கிலும் இறுதி மூன்றும் கோபன்ஹேகனிலும் அச்சாயின. விதிகளை வகுத்துச் சான்று தேடும் நூல் அன்று அது. நாடகம், புதினம், கட்டுரை, மடல் என்று பல நூற்றாண்டு உரைகளைப் படித்து, தாள்தாளாகக் குறித்த பல்லாயிரம் ஆட்சிகளிலிருந்து விதியை நோக்கிச் செல்லும் நூல்.

முதல் தொகுதியில் அவர் விளக்கிய உயிரொலிப் பெருமாற்றம் ஆங்கில எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள முரண்பாட்டின் திறவுகோல். சாசர் காலத்தில் 'டீம' என்பதுபோல் ஒலித்த சொல் இன்று 'டைம்' ஆயிற்று, 'ஹூஸ்' என ஒலித்தது 'ஹவுஸ்' ஆயிற்று. இடை நெடில்கள் மேலேறி அவற்றின் இடத்தைப் பிடித்தன. தனித்தனி மாற்றங்களாகக் கருதப்பட்டவற்றை ஒரே தொடர் இயக்கமாகக் கண்டு, இன்று வழங்கும் பெயரை அதற்கு இட்டவர் யெஸ்பர்சனே. மேல்நெடில்கள் முதலில் ஈருயிராகப் பிளந்து இடத்தை வெறிதாக்க, கீழுள்ளவை அவ்விடத்தை நோக்கி ஈர்க்கப்பட்டன என்பது அவர் கொள்கை.

ஆஸ்திரிய அறிஞர் கார்ல் லூயிக் இதற்கு மாறாக, இடைநெடில்கள் மேலேறித் தள்ளியமையாலேயே மேல்நெடில்கள் பிளந்தன என்றார். வட இங்கிலாந்துக் கிளைமொழிகள் அவருக்குச் சான்றாயின. அங்கே பின்னிடை நெடில் முன்னரே முன்னுயிராக விலகிவிட்டது. தள்ளுவதற்கு ஒன்றில்லாத நிலையில் மேலிருந்த ஊகார ஒலி பிளவுபடாமல் நின்றது. இச்சான்று லூயிக்கின் பக்கமே சாய்கிறது. ஆயினும் இவ்விவாதம் நிகழ்வதற்கே மாற்றங்களை ஒரு தொகுதியாகக் காணும் பார்வை முன்தேவை. அப்பார்வையைப் பரவச் செய்தது யெஸ்பர்சனின் பங்கு.

6. எதிர்மறையின் சுழற்சி

1917இல் ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் எதிர்மறை குறித்து அவர் எழுதிய சிறுநூல், அளவிற் சிறிதாயினும் இன்று மிகுதியாக எடுத்தாளப்படும் அவருடைய படைப்புகளுள் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் 'நெ' என்னும் சிறுசொல் வினைக்கு முன்னின்று எதிர்மறையைக் காட்டியது. அது அழுத்தமின்றி மெலிந்தபோது, எப்பொருளும் இல்லை என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்த 'நாட்' வினைக்குப் பின்னே வலுவூட்டியாகச் சேர்ந்தது. சிறிது காலம் இரண்டும் சேர்ந்து நின்றன. பின் முன்னது மறைய, வலுவூட்டியே எதிர்மறையின் உரிமையாளனாயிற்று. அதன்பின் 'டூ' என்னும் துணைவினையின் வரவால் எதிர்மறை மீண்டும் முதன்மை வினைக்கு முன்னே வந்தது. அங்கு அது துணைவினையோடு ஒட்டிக் குறுகி, மறுபடி மெலியத் தொடங்கியது. பிரெஞ்சிலும் டேனிய மொழியிலும் இதற்கு இணையான வரலாறுகளை அவர் காட்டினார். 1979இல் சுவீடன் நாட்டு மொழியறிஞர் ஈஸ்டன் தால் இதற்கு யெஸ்பர்சனின் சுழற்சி என்று பெயரிட்டார்.

இந்நூல் ஆய்வேட்டின் கொள்கைக்கு ஒரு சோதனையாகவும் அமைகிறது. மொழிமாற்றம் முன்னேற்றம் என்றால் அது ஒரு திசையில் செல்ல வேண்டும். சுழற்சியோ தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. மெலிவும் ஈடுசெய்தலும் மாறிமாறி வரும் இவ்வியக்கத்தில் மொழி சீர்படுகிறது என்பதைவிட, குலைந்த சமநிலையை மீட்டுக்கொள்கிறது என்பதே பொருந்தும். யெஸ்பர்சன் தம் கொள்கையைக் கைவிடவில்லை. ஆனால் தம் கொள்கைக்கு முழுதும் இயையாத தரவையும் மறைக்காமல் திரட்டி வைத்தார்.

7. முதிர்ந்த ஆண்டுகள்

மொழியின் இயல்பு, வளர்ச்சி, தோற்றம் பற்றிய பெருநூல் 1922இலும், இலக்கணத்தின் மெய்யியல் பற்றிய நூல் 1924இலும் வெளிவந்தன. 1920–21இல் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தார். 1925இல் ஓய்வுபெற்றார். செயற்கைத் துணைமொழி இயக்கத்தில் அவருக்கு நெடுநாள் ஈடுபாடு இருந்தது. 1907இல் இடோ மொழியை உருவாக்கிய குழுவில் பங்குகொண்டவர், 1928இல் நோவியல் என்ற மொழியைத் தாமே அமைத்தார். மிகக் குறைந்த உழைப்பில் மிகுந்த பயன் தருவதே சிறந்த மொழி என்ற ஆய்வேட்டுக் கொள்கைக்கு இது ஒரு செயல்வடிவம். மக்கள் வழக்கில் அது நிலைபெறவில்லை.

1936இல் கோபன்ஹேகனில் கூடிய நான்காம் பன்னாட்டு மொழியியலாளர் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். 1938இல் தன்வரலாறு எழுதினார். 1940 ஏப்ரலில் செருமானியப் படை டென்மார்க்கைக் கைப்பற்றியது. அவ்வாண்டே பேரிலக்கணத்தின் ஐந்தாம் தொகுதியும், 1942இல் ஆறாம் தொகுதியும் வெளிவந்தன. இடையே, 1941இல், மொழிமாற்றத்தில் பயன்திறன் என்ற பொருளில் ஒரு சிறுநூல் எழுதினார். எண்பது வயதைக் கடந்தவர், முப்பது வயதில் எழுப்பிய வினாவுக்கே மீண்டும் திரும்பினார். முன்னேற்றம் என்ற சொல்லின் இடத்தைப் பயன்திறன் என்ற அடக்கமான சொல் பெற்றது. 1943 ஏப்ரல் 30ஆம் நாள் ரோஸ்கில்தே நகரில் அவர் மறைந்தார். ஏழாம் தொகுதியை நீல்ஸ் ஹைஸ்லுண்ட் நிறைவுசெய்து 1949இல் வெளியிட்டார்.

8. கொள்கையின் குறைகள்

யெஸ்பர்சனின் கொள்கைக்கு இரண்டு பெருங்குறைகள் உண்டு. முதலாவது, ஷ்லைகரின் ஏணியை அவர் தலைகீழாக்கினாரேயன்றி ஏணியையே அகற்றவில்லை. உட்பிணைப்புநிலை உச்சியிலிருந்து இறங்க, உருபிழந்த ஆங்கிலமும் சீனமும் மேலேறின. மொழிகளை வரிசைப்படுத்தும் மனப்பாங்கு அப்படியே நின்றது. 1905ஆம் ஆண்டு நூலின் தொடக்கத்தில் ஆங்கிலத்தை ஆண்மை மிக்க மொழியென அவர் புனைந்தது ஆய்வன்று, காலத்தின் குரல். 1922ஆம் ஆண்டு நூலில் பெண்களின் பேச்சைப் பற்றி எழுதிய இயல், போதிய தரவின்றி ஆண்வழக்கை அளவாகக் கொண்டமைக்காகப் பிற்காலச் சமூகமொழியியலாரின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. எண்ணிக்கையைப் போற்றியவர் எண்ணாமல் எழுதிய இடங்களிலேயே வழுவினார்.

இரண்டாவது, உழைப்பு என்பதை அவர் பேசுவோன் பக்கத்திலிருந்தே பெரிதும் அளந்தார். உருபு குறைந்தால் சொல்லொழுங்கு இறுகும். ஒருபுறம் மிஞ்சிய உழைப்பு மறுபுறம் செலவாகும். ஒரு மொழியின் மொத்தச் சிக்கல் குறைந்ததா, இடம் மாறியதா என்பதைத் தாள்குறிப்புகளால் அளக்க இயலாது.

9. கணினிக்குப் பின்

யெஸ்பர்சன் கையால் தொடங்கிய எண்ணிக்கையை 1953இல் சுவீடனின் ஆல்வர் எல்லேகார்ட் பெருமளவுக்கு விரித்தார். 'டூ' துணைவினையின் பரவலை அவர் பல நூற்றாண்டு நூல்களில் எண்ணி அட்டவணையாக்கினார். அவ்வெண்களை 1989இல் ஆண்டனி கிராக் புள்ளியியல் வளைவுகளில் பொருத்தினார். வினா, எதிர்மறை முதலிய சூழல்களில் புதுவடிவத்தின் விழுக்காடு வேறுபட்டாலும், அது வளரும் வேகம் அனைத்திலும் ஒன்றே என்பது அவர் கண்ட முடிவு. மேற்பரப்பில் பல மாற்றங்களாகத் தோன்றுபவை அடியில் ஒரே மாற்றமாக இருக்கக்கூடும் என்பதே இதன் உட்பொருள்.

1991இல் வெளிவந்த ஹெல்சிங்கித் தரவகம் பழைய ஆங்கிலம் முதல் 1710 வரையிலான ஏறத்தாழ 15 இலட்சம் சொற்களைக் கணினியில் தந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் தொடரியல் பகுப்புடன் கூடிய தரவகங்களை உருவாக்கியது. அவற்றின்வழி எதிர்மறைச் சுழற்சி மீண்டும் சோதிக்கப்பட்டது. யெஸ்பர்சன் வரிசையாகக் கூறிய கட்டங்கள் உண்மையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. ஒரே எழுத்தாளரிடமே முந்தைய வடிவமும் பிந்தைய வடிவமும் போட்டியிட்டன.

2017இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மரபியலில் வழங்கும் முறையைக் கையாண்டு, ஆங்கில மாற்றங்களில் எவை தற்செயல் அலைவால் நேர்ந்தவை, எவை ஏதோவொரு தெரிவு விசையால் உந்தப்பட்டவை என்று பிரித்தறிய முயன்றனர். எதிர்மறை மாற்றம் தற்செயலால் விளக்கப்படாதது என்பது அவர்கள் முடிவு. மெலிவும் ஈடுசெய்தலும் என்ற யெஸ்பர்சனின் விளக்கத்துக்கு இது இடமளிக்கிறது, ஆனால் அவ்விசை எது என்று கூறவில்லை. அம்முறையின் விடை, தரவைக் கால அலகுகளாகப் பகுக்கும் விதத்தைப் பொறுத்து மாறுபடுகிறது என்பதும் பின்னர்ச் சுட்டப்பட்டது. ஐம்பதாண்டுக் கட்டங்களை அமைத்த 1905ஆம் ஆண்டுக் கணக்கீட்டிலும் உறைந்திருந்தது இதே சிக்கல்தான்.

10. முடிவுரை

யெஸ்பர்சனின் வாழ்வு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, வேற்றுமை இழப்பை அவர் தனிக்காரணத்தால் விளக்காமல் ஒலி, ஒப்புமை, இடம் ஆகிய காரணிகளாகப் பகுத்தார். இன்றைய கணினி ஆய்வுகள் எடையிடுவது அவ்வகைக் காரணிகளையே. இரண்டாவது, பழமையே செம்மை என்ற கொள்கையை மறுத்ததில் அவர் வென்றார். புதுமையே செம்மை என்று அதன் இடத்தில் நிறுவியதில் வெல்லவில்லை. மூன்றாவது, அவருடைய கொள்கை தளர்ந்த இடங்களிலும் அவர் திரட்டிய சான்றுகள் தளரவில்லை. அவருடைய முன்னேற்றக் கொள்கையை ஏற்காதவரும் அவருடைய இலக்கணத் தொகுதிகளைத் தரவுக்காகப் புரட்டுகின்றனர்.

மொழிமாற்றத்துக்குத் திசை உண்டா என்ற வினா 1891இல் தத்துவ வினாவாக இருந்தது. இன்று அது அளக்கத்தக்க வினாவாகியுள்ளது. நெடிய எழுத்துவரலாறு உடைய எம்மொழிக்கும் அவ்வினாவை எழுப்பலாம். தொடரியல் பகுப்புடன் கூடிய காலவாரித் தரவகம் அதற்கு முதல் தேவை. அத்தகைய தரவகத்தை அமைப்போர், மாற்றத்தைத் தேய்வென்றோ வளர்ச்சியென்றோ முன்கூட்டியே பெயரிடாமல் எண்ணத் தொடங்குவதே யெஸ்பர்சனின் வெற்றியிலிருந்தும் வழுவிலிருந்தும் கற்கத்தக்க நெறியாகும்.